அயலவர் எழுப்பும் சுவரும் அதற்குப் பின்னே வாழ்வோரும்

பார்க்டேலில் நெருங்கி நிற்கும் வீடுகளின் பின்வளவுகளில் திடீரென மரச்சட்டங்கள் எழுவதும், சில கிழமைகளில் அவை அறைகளாவதும் புதிதன்று. அயலவரின் யன்னலுக்கு வந்த வெயில் மறைகிறது; மழைநீர் அவரது சுவரோரம் தேங்குகிறது. அனுமதி பெற்றுத்தான் கட்டினார்களா என்ற ஐயம் பகையாக முற்றுகிறது. வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்தமைக்காக நீதிமன்றப் படியேறிய பரம்பரையினர் நாம். எனவே இவ்விடயத்தில் நிதானம் எமக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

1889இல் ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்ட பார்க்டேல், ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் ஏரிக்கரைக் குடியிருப்பு. 1950களில் கார்டினர் நெடுஞ்சாலை அதனை ஏரியிலிருந்து பிரித்தது. பெரிய வீடுகள் பல இடிக்கப்பட்டன, எஞ்சியவை கூறுபட்டன. 1970களில் ‘பச்சிலரெற்’ எனப்பட்ட சிற்றறைகள் அனுமதியின்றிப் பெருகின. மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேறியோருக்கும் புதிதாக வந்தோருக்கும் அவையே புகலிடமாயின. 1996இல் மாநகரசபை இத்தகைய அறைகள் மேலும் பெருகாதவாறு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்தவற்றுக்கு உரிமம் வழங்கும் வழி வகுக்கப்பட்டது. சட்டத்திற்கு மாறான அறையும் ஒருவருக்கு வீடு என்பதை மாநகரசபையே உணர்ந்துகொண்ட வரலாறு இது.

இனி, நடைமுறை. வீட்டுடன் இணைத்துக் கட்டும் எந்த அறைக்கும் கட்டிட அனுமதிப்பத்திரம் வேண்டும். அது பெறப்பட்டுள்ளதா என்பதை மாநகரசபையின் இணையத்தளத்தில் முகவரியைக் கொண்டு எவரும் பார்க்கலாம். ஆயினும், அதற்கு முன் அயலவரிடமே கேட்பது நன்று. பதில் கிடையாவிடின் 311 என்ற இலக்கத்தில் முறையிடலாம். குடிவரவு நிலை எதுவாயினும் மாநகரசேவைகளைப் பெறலாம் என்பது 2013 முதல் ரொறன்ரோவின் கொள்கை. அகதிக் கோரிக்கையாளர் அஞ்ச வேண்டியதில்லை. பரிசோதகர் வேலையை நிறுத்துமாறு ஆணையிடக்கூடும். ஆனால் முறைப்பாடு செய்தவுடன் சுவர் இடிந்துவிடும் என எண்ணலாகாது. உரிமையாளர் பிந்தியும் அனுமதி கோரலாம்.

அளவு விதிகளை மீறும் கட்டிடத்திற்கு விலக்குக் கோரப்பட்டால், விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களின் முன் 60 மீற்றருக்குள் உள்ள காணி உரிமையாளர்களுக்கு அறிவித்தல் வழங்கப்படும். அதனை விளம்பரத் தாளென எறிந்துவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, இத்தீர்ப்பை எதிர்த்து அயலவர் மேன்முறையீடு செய்ய முடியாது. ஆகவே வெளிச்சம், நீர் வடிகால் பற்றிய ஆட்சேபங்களை அவ்விசாரணையிலேயே எழுத்திலோ நேரிலோ தெரிவிக்க வேண்டும்.

அந்த அறையில் வாடகைக்கு இருப்பவர் எம்மவராகவும் இருக்கலாம். அறைக்கு அனுமதி இல்லை என்பதால் அவரது வாடகை உரிமை இல்லாதொழியாது. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரருடன் பகிராதவரை, ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் அவரைக் காக்கும். வாடகைதாரர் சபையின் ஆணையின்றி வீட்டுக்காரர் அவரை வெளியேற்ற முடியாது.

வெளிச்சம் குறைந்ததென்றால் பேசித் தீர்க்க அவகாசமுண்டு. வெளியேறும் வழியோ, புகையை உணர்த்தும் கருவியோ இல்லாத அறையில் ஆட்கள் உறங்குகிறார்களெனில் தாமதிக்கலாகாது. 1989 டிசம்பரில் ரொறன்ரோவின் ரூப்பேட் விடுதியில் மூண்ட தீயில் 10 பேர் மாண்டனர். அத்தகைய அறையைப் பற்றி முறையிடுவது அங்கு உறங்குவோரின் உயிரைக் காக்கும் செயல். முறையிடும்போதே அவர்களின் வாடகை உரிமையையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது அயலவரின் கடன்.