ஒரு கட்டத்துக்கு எத்தனை கிலோமீற்றர்?

பௌசர் வந்து பெற்றோல் இறக்கும் காலைநேரத்தில் காங்கேசன்துறை வீதியில் உள்ள ஏதாவது ஒரு பெற்றோல் செற்றுக்குப் போய்ப் பாருங்கள். ஊழியர் ஒருவர் நிலத்தில் இருக்கும் மூடியைத் திறப்பார். அளவு குறித்த நீண்ட கோலொன்றை நிலத்தடித் தாங்கிக்குள் இறக்குவார். நுனி அடியில் தட்டியதும் மேலே இழுத்து, எதுமட்டும் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகு அட்டவணையை எடுத்து, அந்தச் சென்ரிமீற்றருக்கு நேரே எத்தனை லீற்றர் என்று வாசிப்பார். ஆயிரக்கணக்கான லீற்றருக்குக் கணக்கு அந்த நனைந்த கோல்தான்.

அதே செற்றின் முன்னால் வீதியில், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் ஒன்று நிற்காமல் போகிறது. உள்ளே இருப்பவர் பெற்றோல் மானியைப் பார்த்துச் சொல்கிறார்: "ரெண்டு கட்டம் கிடக்குது. நாளைக்கு அடிப்பம்."

இந்த இரண்டு அளவுகளில் எது திருத்தமானது என்று கேட்டால், நான் கோலின் பக்கம்தான் நிற்பேன்.

எங்கள் ஊரான உடுவிலில் இப்போது ஒழுங்கைக்கு ஒரு ஹைபிரிட் நிற்கிறது. அக்குவா, பிரியஸ், அக்சியோ, பிற், வெசெல், வகன் ஆர். பெரும்பாலானவை ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டுக் கப்பல் ஏறியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் திரும்ப விட்டார்கள். அதனால் இங்கே ஓடுபவற்றில் பல பத்து வயது தாண்டியவை. உரிமையாளர்கள் கூடிக் கதைத்தால் மூன்றாவது வசனத்திலேயே "லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" வந்துவிடும். அதற்குப் பதில் சொல்கிறவர் காரின் திரையைப் பார்த்துத்தான் சொல்கிறார். அந்தத் திரைக்கும் அதிலுள்ள பெற்றோல் கட்டங்களுக்கும் யார் சொன்னார்கள் என்பதை அவர் யோசிப்பதில்லை.

கட்டங்களுக்குச் சொல்வது ஒரு மிதவை. பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும் பெற்றோல் தாங்கிக்குள், பெற்றோல் பம்புக்குப் பக்கத்தில், மெல்லிய கம்பிக் கையொன்றின் நுனியில் அது மிதக்கிறது. மட்டம் இறங்க மிதவை இறங்கும், கை சரியும், கையின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின்மேல் நகரும். தடை மாற வோல்ற்றளவு மாறும். அந்த வோல்ற்றளவைத்தான் முன்னால் இருக்கும் சிறு கணினி லீற்றராக, பிறகு கட்டமாக மொழிபெயர்க்கிறது. பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களின் காலத்திலும் இதுதான் முறை. முள் போய்க் கட்டம் வந்தது, மிதவை போகவில்லை.

மிதவைக்குத் தெரிந்தது உயரம் மட்டுந்தான். நமக்கு வேண்டியது கனவளவு. செற்றின் நிலத்தடித் தாங்கி கிடையாகப் புதைத்த உருளை. அதன் உயரத்தை லீற்றராக்க அட்டவணை போடுவது கணிதம் படித்த பிள்ளைக்குப் பெரிய வேலையில்லை. காரின் தாங்கியோ ஆசனம், அச்சு, புகைக்குழாய், ஹைபிரிட் என்றால் பற்றரியும், எல்லாம் இடம் பிடித்த பிறகு மிஞ்சிய மூலைக்குள் நெளித்து வைக்கப்பட்டது. அக்குவாவில் பற்றரியும் பெற்றோலும் ஒரே ஆசனத்தின் கீழ்தான் குடித்தனம். தாங்கியின் மேல்பாதி அகலமாகவும் கீழ்ப்பாதி ஒடுங்கியும் இருக்கலாம். தயாரிப்பாளர் இதற்கும் ஒரு அட்டவணையைக் கணினிக்குள் எழுதி வைக்கிறார். ஆனால் செற்று ஊழியர் சென்ரிமீற்றர் வரையில் வாசிக்கும்போது, காரின் கணினி தனக்குத் தெரிந்ததைச் சில கட்டங்களுக்குள் சுருக்கி நமக்குக் காட்டுகிறது.

இங்கேதான் ஹைபிரிட்டின் தனிச் சிக்கல் தொடங்குகிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

அக்குவாவின் தாங்கி 36 லீற்றர். தட்டையான தாங்கி. உதாரணத்துக்கு 50 சென்ரிமீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் அகலம், 18 சென்ரிமீற்றர் உயரம் உள்ள ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சென்ரிமீற்றர் உயரம் என்பது 2 லீற்றர். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் கார் என்றால், மிதவை ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் 40 கிலோமீற்றர் பிழைக்கும். ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலே 4 கிலோமீற்றர். உடுவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் பாதி வழி. இதே தாங்கியை லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் பழைய வானில் வைத்தால், அதே ஒரு சென்ரிமீற்றர் 16 கிலோமீற்றரோடு போய்விடும். மிதவை இரண்டிலும் ஒரே அளவுதான் பிழைக்கிறது. ஹைபிரிட் சிக்கனமாக ஓடுவதால் அந்தப் பிழையையும் அது தூரமாக நீட்டிவிடுகிறது.

பிரியஸின் மானியில் பத்துக் கட்டங்கள். தாங்கி 45 லீற்றர். ஏறத்தாழ 6 லீற்றர் மிஞ்சும்போது கடைசிக் கட்டம் மினுங்கத் தொடங்கும். மேலே உள்ள ஒன்பது கட்டங்களுக்கு மிச்ச 39 லீற்றரைப் பங்கிட்டால் கட்டத்துக்கு நாலரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட 85 கிலோமீற்றர். ஒரு கட்டம் இப்போதுதான் விழுந்ததா, அடுத்த நிமிடம் விழப்போகிறதா என்பது திரையில் தெரியாது. ஊருக்குள் ஓடுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. நகரத்துக்குப் பத்துத் தடவை போய்வரலாமா, ஐந்து தடவையா என்பதுதான் வித்தியாசம். இரவில் ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டியவருக்கு அது வேறு விஷயம்.

மேல் முனையிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. முழுக்க நிரப்பினால் மிதவை தாங்கியின் கூரையில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேலே, நிரப்பு குழாய்க்குள்ளும் பெற்றோல் இருக்கலாம். மிதவைக்கு அது தெரியாது. அந்தப் பெற்றோல் தீர்ந்து மிதவை அசையத் தொடங்கும்வரை முதல் கட்டம் விழாது. "முதல் கட்டம் நூறு மைல் ஓடிச்சுது, பிறகு என்னவோ மளமளவெண்டு விழுகுது" என்று கராஜில் முறைப்பாடு சொல்கிறவர்கள் பலர். காரில் கோளாறு இல்லை. கழுத்துவரை அடித்ததன் விளைவு. அப்படி அடிப்பது நல்ல பழக்கமும் இல்லை. வெயிலில் பெற்றோல் விரியும். பத்துப் பாகை சூடு கூடினால் நூறு லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவப் பெற்றோல் புகுந்தால் செலவு வரும். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். செற்றில் வேலை செய்யும் தம்பிமார் ரூபாயை முழுமையாக்க இன்னும் ஒரு தரம் அமத்தப் பார்ப்பார்கள்.

பெற்றோல் தளும்பும், கார் பிறேக் அடித்தால் முன்னால் ஓடும், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒவ்வொரு தளும்பலுக்கும் கட்டம் ஏறி இறங்கினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஆகவே கணினி நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்து, மெதுவாக மட்டுமே காட்டும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சராசரிக்கு வேலை குறைவு, ஏனென்றால் இங்கே மேடு தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். கடுகண்ணாவ ஏற்றத்தில் கட்டம் ஒன்று காணாமற் போய்க் கண்டியில் திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம். தாங்கி சரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த மந்தம் நமக்கு வேறொரு இடத்தில் இடிக்கும். 2025 இல் பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி நின்றது. அந்த விலையில் ஆயிரம் ரூபாய்க்கு அடித்தால் மூன்று லீற்றர் சொச்சம். பிரியஸில் அது ஒரு கட்டத்துக்கும் குறைவு. சிறிய அளவு ஊற்றினால், இன்னும் எவ்வளவு ஓடலாம் என்று திரை காட்டும் மீதித் தூரம் புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்று கையேடுகளே சொல்கின்றன. "ஆயிரத்துக்கு அடிச்சன், மீற்றர் அசையேல்லை" என்று செற்றைத் திட்டுகிறவர் கொஞ்சம் பொறுத்துத் திட்டலாம்.

கட்டத்தைவிட ஆபத்தானது அந்த மீதித் தூரம் என்ற எண். கட்டம் சொல்வது உள்ளதை. மீதித் தூரம் சொல்வது வரப்போவதை. மிச்சப் பெற்றோலை, அண்மையில் ஓடிய சராசரியால் பெருக்கி அதைப் போடுகிறார்கள். சாதாரணக் காரிலும் அந்தச் சராசரி ஆடும். ஹைபிரிட்டிலும் ஆடும். ஊருக்குள் மெதுவாக, இயந்திரம் அடிக்கடி அணைந்து, பிறேக்கில் மின்சாரம் சேர்த்து ஓடிய கணக்கை வைத்துக்கொண்டு 400 கிலோமீற்றர் என்று சொல்லும். அதை நம்பி ஏ9 இல் நூறில் பிடித்து, குளிரூட்டியையும் போட்டு, நாலு பேரும் பொதியுமாகக் கொழும்புக்கு விட்டால் அந்த எண் கரையும். பற்றரி கிழண்டிருந்தால் இன்னும் வேகமாகக் கரையும், இயந்திரம் அதிக நேரம் வேலை செய்யவேண்டி வருவதால். ஜப்பானியப் பரிசோதனை முறையில் முதல் அக்குவாவுக்குச் சொன்ன கணக்கு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். அதை இங்கே எட்டியவரை நான் சந்தித்ததில்லை.

மானியையே குழப்பிய ஹைபிரிட்டும் ஒன்று உண்டு. 2003 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸை வட அமெரிக்காவுக்கு விற்றபோது, ஆவி வெளியேறுவதைக் குறைக்கத் தாங்கிக்குள் நெகிழும் பையொன்றை வைத்தார்கள். பெற்றோல் குறையக் குறையப் பையும் சுருங்கும். மேலே ஆவி தங்க இடமிருக்காது. எண்ணம் நல்லது. ஆனால் குளிரில் பை விறைத்து, விரிய மறுத்தது. ஒருநாள் கொள்ளும் அளவு மறுநாள் கொள்ளாது. நிரம்பியது என்று குழாய் நிற்கும், உள்ளே இடமிருக்கும். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் நம்மவர்கள் பலர் அந்தக் காரை வைத்திருந்தவர்கள்; தை மாதத்து உறைபனியில் அதன் மானியோடு பட்ட பாட்டைத் தொலைபேசியில் சொல்லும்போது இங்கே வியர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு விளங்காது. மூன்றாம் தலைமுறையில் பையைக் கைவிட்டார்கள்.

மானியை நம்பாமல் வாழ்வது எங்களுக்குப் புதிதில்லை. 1990 களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல். முள் எப்போதோ செத்த கார்கள் அவை. சாரதிமார் தாங்கிக்குள் தடியை விட்டுப் பார்த்தார்கள். செற்றுக்காரரின் கோல்தான், அட்டவணை சாரதியின் தலைக்குள்.

2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கணக்கு தலைகீழானது. அந்த ஆண்டு ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். ஹைபிரிட்டுக்கு அது 400 கிலோமீற்றர், உடுவில்காரருக்குத் தாராளம். வாரத்தில் எடுக்காத மிச்சம் அடுத்த வாரத்துக்குச் சேராது என்பதால், வரிசையில் நின்றவரின் கவலை தாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதாக இருக்கவில்லை. எவ்வளவு இடம் இருக்கிறது என்பதாக இருந்தது. வகன் ஆர் தாங்கி 27 லீற்றர். 20 லீற்றரும் கொள்ளவேண்டுமானால் உள்ளே 7 லீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த வேளையில் மானி எவ்வளவு மொட்டையான கருவி என்பது எங்களுக்கு நன்றாக விளங்கியது.

அப்போது தொடங்கிய கொப்பி ஒன்று எங்கள் வீட்டுக் காரின் கையுறைப் பெட்டிக்குள் இன்னும் கிடக்கிறது. முறை எளிது. 'டக்' என்று நிற்கும்வரை அடித்து, ஓடிய தூரத்தைப் பூச்சியமாக்குவது. அடுத்த தடவை அதே செற்றில், முடிந்தால் அதே பம்பில், மீண்டும் 'டக்' வரை அடித்து, தூரத்தை லீற்றரால் வகுப்பது. ஒரு பக்கத்தில் 418 கிலோமீற்றர், 20.6 லீற்றர் என்றிருக்கிறது. லீற்றருக்கு 20.3. அன்றைக்குத் திரை காட்டியது 21.5. திரை எரிபொருள் ஊசிகள் திறந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரு தடவைக் கணக்கிலும் ஒரு லீற்றர் அங்கே இங்கே போகும், 'டக்' எல்லாப் பம்பிலும் ஒரே இடத்தில் வருவதில்லை. ஐந்தாறு தடவைச் சராசரி எடுத்தால் நம்பலாம். பிறகு கட்டத்தைப் பார்க்கத் தேவையில்லை. நிரப்பிய பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியாயிற்று என்று பார்த்தால் போதும்.

கடைசிக் கட்டம் மினுங்கத் தொடங்கியபின் என்ன? அங்கேதான் மானி நமக்கு நன்மையாகப் பொய் சொல்கிறது. பூச்சியம் என்று காட்டும்போதும் சில லீற்றர் கிடக்கும்படியே வடிவமைக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. "முடிஞ்சால் பற்றரியில ஓடுந்தானே" என்று ஒரு அண்ணை என்னிடம் சொன்னார். பிரியஸின் பற்றரி 1.3 கிலோவாற்று மணி. வீட்டு மின்பட்டியலில் ஒன்றேகால் அலகு. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ ஒன்பது அலகு இருப்பதால், முழுப் பற்றரியும் ஒரு தேநீர்க் கோப்பைப் பெற்றோலுக்குச் சமம். அதிலும் ஒரு பங்கை மட்டுமே கணினி எடுக்க விடும். ஒன்றிரண்டு கிலோமீற்றர் நகரும், பிறகு நிற்கும்.

ரொயோட்டா ஹைபிரிட்களில் இயந்திரத்தைக் கிளப்பத் தனி ஸ்ராற்றர் இல்லை. அந்தப் பெரிய பற்றரிதான் கிளப்புகிறது. பெற்றோலையும் முடித்து, பற்றரியையும் உறிஞ்சிவிட்டால், பிறகு கானில் பெற்றோல் கொண்டுவந்து ஊற்றினாலும் கார் கிளம்பாது. தள்ளியும் கிளப்ப முடியாது. அந்தப் பற்றரிக்கு மின்னேற்ற வேறு கருவி வேண்டும், அது வீதியோரக் கராஜில் இருக்காது. மினுங்கினால் அடுத்த செற்றில் நிறுத்துங்கள். அதற்குள் நின்றுவிட்டால் பற்றரியில் ஒரு அடியும் ஓட்டாமல் ஓரங்கட்டி, காரை அணைத்துவிட்டு, பெற்றோலுக்கு ஆள் அனுப்புங்கள்.