வேனுக்குள் வெந்நீர்: முதலில் கணக்கு, பிறகு குழாய்



கேம்பர் வேனில் வெந்நீர் ஷவர் வைப்பது பற்றி இந்த வார எபிசோடில் பேசினேன். காதால் கேட்கும்போது எண்கள் மனதில் நிற்காது. அதனால் அவற்றை இங்கே எழுத்தில் தருகிறேன்.

வீட்டு ஷவரை மறந்துடுங்க

இங்கே பிரிட்டனில் வீடுகளில் இருக்கும் எலக்ட்ரிக் ஷவர் 9 கிலோவாட் அளவில் மின்சாரம் இழுக்கும். அதை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கணும்னா 750 ஆம்பியர் ஓடணும். நடக்காத காரியம். வேனில் தண்ணீரை மெதுவாகச் சூடாக்கித் தேக்கி வைக்கலாம். இல்லையென்றால் எரிபொருளை எரிக்கலாம்.

ஒரு குளியலின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1.16 வாட்-மணி வேண்டும். டாங்க் தண்ணீர் 10 டிகிரியில் இருக்கிறது, குளிக்க 40 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டருக்குச் சுமார் 350 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே சுமார் 1,280 வாட்-மணிதான். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், ஒருவர் குளிக்கவே பேட்டரியில் 30 சதவீதம் போயிடும்.

10 லிட்டர் போதுமா என்று கேட்பீங்க. வாளியும் சொம்பும் வைத்துக் குளித்து வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமா? நனைத்துக்கொண்டு குழாயை மூடுங்க, சோப்புப் போடுங்க, பிறகு திறந்து அலசுங்க. நிமிடத்துக்கு 4 லிட்டர் விடும் ஷவர் ஹெட் என்றால், மொத்தம் இரண்டரை நிமிடம் தண்ணீர் கிடைக்கும்.

என்ஜின் சும்மா தரும் சூடு

எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை, வெப்பமாக வெளியேறுகிறது. ஓடும் என்ஜினின் கூலன்ட் 80, 90 டிகிரி வரை சூடாகும். அந்தக் கூலன்ட்டை, வெப்பம் வெளியேறாதபடி உறை போட்ட ஒரு டாங்குக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாக ஓடவிட்டால் குளியல் தண்ணீர் சூடாகிவிடும். இரண்டும் கலக்காது. படகுகளில் நெடுங்காலமாக இருக்கும் இந்த டாங்குக்குக் 'கலோரிஃபையர்' என்று பெயர். நான் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

இதில் 10 லிட்டர் தண்ணீர் 70 டிகிரிக்குச் சூடானால், 10 டிகிரி பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் 20 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேர் குளிக்கலாம். ஆனால் 70 டிகிரி தண்ணீர் நேராகத் தோலில் பட்டால் வெந்துவிடும். ஆகவே வெப்பநிலையைத் தானே சரிசெய்யும் மிக்ஸிங் வால்வு கட்டாயம் வேண்டும். சூடான தண்ணீர் விரிவதால் ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அப்படித்தான்.

கேஸ்: இங்கேதான் உயிர் விஷயம்

வெளியில் தொங்கவிட்டுக் குளிப்பதற்கென்று விற்கும் சின்ன கேஸ் ஹீட்டர்கள் மலிவு. மழை பெய்கிறதே என்று அதை வேனுக்குள் மாட்டிக் கதவைச் சாத்தாதீங்க. நடுத்தர வேனின் உட்புறம் பத்துப் பன்னிரண்டு கன மீட்டர்தான். காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால், நாள் முழுக்க வண்டி ஓட்டிய களைப்பு என்றுதான் தோன்றும். அப்படியே படுத்தவர்கள் எழாமலே போகலாம்.

கேஸ்தான் வேண்டுமென்றால், எரிய வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும் 'ரூம் சீல்டு' வகையை வாங்குங்க. வேன்களில் கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவரே அதைப் பொருத்தட்டும். குளிர் நாட்டில் புரொப்பேன் சிலிண்டர் எடுங்க. பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாகவே மறுக்கும்.

அப்போ எது யாருக்கு?

தினமும் ஓட்டுபவர்களுக்குக் கலோரிஃபையர். கேம்ப்சைட்டில் மின் இணைப்போடு தங்குபவர்களுக்கு, அதே டாங்கில் 230 வோல்ட் எலிமென்ட். பல நாள் ஒரே காட்டோரத்தில் நிறுத்துபவர்களுக்கு, ரூம் சீல்டு கேஸ் அல்லது டீசல் ஹீட்டர். எதுவானாலும், உறைபனி வருமுன் டாங்கையும் குழாய்களையும் வடித்துவிடுங்க. உள்ளே தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும்.

ஷவர் ஹெட் வாங்குவதற்கு முன்னால், கேரவனுக்கும் படகுக்கும் உரிய ஈ.என். 50291-2 தரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்க. மற்றதெல்லாம் அப்புறம்.