உங்களுக்குத் தெரியுமா? தோலும் கண்ணாடியும் திருகாணியும் தரும் இசை

● கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவில் பக்கீர் பாவாமார் பைத் பாடி அடிக்கும் றபானின் முகம் தோலால் ஆனது. கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளரும். அனலில் காட்டினால் இறுகும், சுருதி ஏறும்.

● அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ், 1940 அளவில் பியானோக் கம்பிகளுக்கிடையே திருகாணிகளையும் றப்பர்த் துண்டுகளையும் செருகினார். ஒற்றைப் பியானோ ஒரு மேளக் குழுவைப்போல ஒலித்தது!

● பெஞ்சமின் பிராங்க்ளின் 1761இல் கண்ணாடிக் கிண்ணங்களை ஓர் அச்சில் கோத்துச் சுழலவிட்டு, ஈர விரலால் தொட்டு வாசிக்கும் கருவியை உருவாக்கினார். பிற்பாடு மெஸ்மர் என்ற வைத்தியர் அதைத் தம் சிகிச்சையில் பயன்படுத்தினார். மொசார்ட்டும் 1791இல் அதற்கென இசை எழுதினார்.

● துருக்கியின் எடிர்னே நகரில், சுல்தான் இரண்டாம் பாயசீத் 1488இல் கட்டிமுடித்த வைத்தியசாலையில் நோயாளிகளுக்காக வாரம் மூன்று முறை இசைக் கலைஞர்கள் வாசித்ததாக, 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியுள்ளார். இன்று அது அருங்காட்சியகம்.

● சத்திரசிகிச்சைக்கு முன் இசை கேட்பது பதற்றத்தைத் தணிக்க உதவும் என இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இசை மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தாதீர்கள்!