போனில் வரும் மழை எச்சரிக்கைக்குப் பின்னால்: சூப்பர் கம்ப்யூட்டருக்கு மென்பொருளை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இப்போது வானம் கறுத்தாலே நம்மில் பலர் முதலில் போனைத்தான் எடுக்கிறோம்.

அந்த வானிலை முன்னறிவிப்புக்கான கணக்குகள் எங்கே நடக்கின்றன தெரியுமா? புனேயில் உள்ள 'அர்கா', நொய்டாவில் உள்ள 'அருணிகா' என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்களில். 2024 செப்டம்பர் 26 அன்று இவை தொடங்கி வைக்கப்பட்டன. அர்காவின் திறன் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவின் திறன் 8.24 பெட்டாஃப்ளாப்ஸ். ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு 1,000 லட்சம் கோடி கணக்குகள்!

"இவ்வளவு பெரிய மெஷினை வாங்கிட்டா போதாதா?" என்று கேட்கிறீர்களா? போதாது. சரியான மென்பொருளைத் தேர்வு செய்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி இணைத்தால்தான் அந்த வேகம் முழுசாகக் கிடைக்கும்.

ஒரே மெஷின் இல்லை, ஒரு கூட்டம்

வானிலையைக் கணிக்க, பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதத்தைக் கணக்கிடுகிறார்கள். 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' இந்தக் கட்டத்தை 12 கி.மீ.யிலிருந்து 6 கி.மீ.யாகக் குறைத்தது. கட்டத்தின் அளவு பாதியானால் கட்டங்களின் எண்ணிக்கை 4 மடங்காகும். நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால், வேலை ஏறக்குறைய 8 மடங்காகிவிடும்.

இதை ஒரே கம்ப்யூட்டர் செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை அதிவேக இணைப்பில் கோத்து, வேலையைப் பங்கு போடுகிறார்கள். இதுதான் 'கிளஸ்டர்'. கல்யாண வீட்டுச் சமையலில் பத்து பேர் இருந்தாலும், யார் எதைச் செய்வது என்று சொல்ல ஒரு தலைமைச் சமையல்காரர் வேண்டுமே! இங்கே அந்த வேலையைச் செய்வது மென்பொருள்.

பக்கத்திலேயே இருக்கும் 'பரம் பொருள்'

இப்படி ஒரு கிளஸ்டரைப் பார்க்க புனே வரை போக வேண்டியதில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' தொடங்கப்பட்டது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் இதை அமைத்தது. சாதாரணக் கணினிகள், ஜிபியு கணினிகள், அதிக நினைவகம் கொண்ட கணினிகள் என மூன்று வகையும் இதில் உண்டு. எந்த வேலை எதில் ஓட வேண்டும் என்பதைப் பிரித்துக் கொடுப்பதும் மென்பொருள்தான்.

என்னென்ன மென்பொருள் வேண்டும்?

• இயங்குதளம்: உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்திலும் 2017 முதல் லினக்ஸ்தான் ஓடுகிறது.

• வேலை ஒதுக்கீடு: இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்குவீர்கள் இல்லையா, அதே மாதிரி. பலரும் பயன்படுத்துவது 'ஸ்லர்ம்'. பெரிய வேலை ஒன்று இடத்துக்காகக் காத்திருக்கும்போது, இடையில் சும்மா கிடக்கும் கணினிகளில் சின்ன வேலைகளை இது முடித்துவிடும்.

• கோப்பு முறைமை: ஆயிரக்கணக்கான புராசசர்கள் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் 'லஸ்டர்' போன்றவை உதவுகின்றன. இது மெதுவானால் எல்லாமே காத்து நிற்கும்.

• தகவல் பரிமாற்றம்: கணினிகள் தங்களுக்குள் விடைகளைப் பரிமாறிக்கொள்ள 'எம்பிஐ' என்ற பொது முறை.

• நிறுவும் கருவி: ஒருவருக்கு ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொருவருக்குப் புதியது வேண்டும். இரண்டையும் மோதல் இல்லாமல் வைத்திருக்க 'ஸ்பேக்' உதவும்.

இவற்றை ஒன்றாகத் திரட்டித் தரும் 'ஓப்பன்ஹெச்பிசி' தொகுப்பும் உண்டு. இவை எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். பராமரிக்கத் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கணுமே!

தேர்வு தப்பினால்?

உலகெங்கும் பல கிளஸ்டர்கள் 'சென்ட்ஓஎஸ்' என்ற இலவச லினக்ஸை நம்பியிருந்தன. அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2020 டிசம்பரில் வந்த ஓர் அறிவிப்பால், 2021 டிசம்பர் 31 உடன் அது நின்றுபோனது. 7ஆம் பதிப்பும் 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

வேறு லினக்ஸுக்கு மாறலாமே? மாறலாம். ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் இதற்காகவே வந்தவை. ஆனால் நெட்வொர்க் டிரைவர், கோப்பு முறைமை, ஆய்வு மென்பொருள் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திச் சோதிக்க வேண்டும். அதுவரை மெஷின் முழுசாகப் பயன்படாது. அது நம் வரிப்பணம்!

நீங்கள் மாணவரா, தொழில்முனைவோரா?

மதுரையில் உங்கள் கல்லூரியோ நிறுவனமோ சிறு கிளஸ்டர் வாங்கத் திட்டமிட்டால், முதலில் இவற்றைக் கேளுங்கள்:

1. எங்கள் வேலை பிரித்துச் செய்யக்கூடியதா? 10 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், எத்தனை கணினி வாங்கினாலும் 10 மடங்குக்கு மேல் வேகம் கூடாது.
2. எங்களுக்கு வேண்டிய மென்பொருள், வாங்கப்போகும் இயங்குதளத்திலும் ஜிபியுவிலும் ஓடுமா?
3. எத்தனை ஆண்டுக்கு ஆதரவு? உரிமம் கணினிக் கணக்கா, கோர் கணக்கா?
4. விற்பவர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், எங்கள் சொந்த வேலையை ஓட்டிப் பார்க்க முடியுமா?

வாங்காமலும் பயன்படுத்தலாம். தேசிய இயக்கத்தின் கீழ் அமைந்த கணினிகள் பிற நிறுவன ஆய்வாளர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். அனுமதி கிடைத்தால், உங்கள் இடத்தில் இருந்தே இணையம் வழியாக வேலையை அனுப்பலாம். உங்கள் துறைத் தலைவர் மூலம் விசாரியுங்கள்.

போனில் இன்றே செய்யுங்கள்

வானிலைக்கு 'மௌசம்', விவசாயிகளுக்கு 'மேகதூத்', தமிழில் எச்சரிக்கை பெற 'டிஎன்-அலர்ட்' செயலிகளைப் பதிவிறக்கி, இருப்பிட அனுமதி கொடுத்து வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: 6 கி.மீ. கட்டம் என்பது உங்கள் தெரு அளவு நுணுக்கம் இல்லை. பக்கத்துத் தெருவில் கொட்டி, உங்கள் தெருவில் தூறாமலும் போகலாம். அதனால் முன்னறிவிப்பையும் பாருங்க, வானத்தையும் பாருங்க. அவசரம் என்றால் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.