தள்ள ஆள் இல்லாத இடத்தில் ஓடிய வண்டி!

கரடுமுரடான பாதையில் ஜீப் போகிறது. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறுகிறது. இன்னொன்று அந்தரத்தில் நிற்கிறது. அந்தரத்தில் நிற்கும் சக்கரம் வீணாகச் சுழலும். பல சமயம் வண்டி நகராது. நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டியதுதான்!

செவ்வாய் கிரகத்தில் தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் நாசா அனுப்பிய 'கியூரியாசிட்டி' வண்டி 2012-ம் ஆண்டு அங்கே இறங்கியது. பூமியில் அதன் எடை சுமார் 900 கிலோ. சக்கரங்கள் 6.

ஸ்பிரிங் இல்லை!

இந்த வண்டிக்கு ஸ்பிரிங் வைக்கவில்லை. ஸ்பிரிங் இருந்தால் மேடுபள்ளத்தில் சக்கரங்களின் மேல் பாரம் சமமாக விழாது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பக்கமும் 3 சக்கரங்களைக் கீல் வைத்த கைகளில் பூட்டினார்கள். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் கீல் வளைந்து கொடுக்கும். மற்றவை தரையை விடாது.

இரு பக்கத்துக் கைகளையும் ஒரு தண்டு இணைக்கிறது. தராசுத் தட்டுகளைப்போல ஒரு பக்கம் உயர்ந்தால் மறுபக்கம் தாழும். ஆகவே 6 சக்கரங்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். சக்கரத்தின் உயரம் 50 சென்டிமீட்டர்; அதே உயரமுள்ள பாறையையும் வண்டி தாண்டிவிடும்.

மணலின் பிடி

ஆனால் மணலிடம் இந்த வித்தை பலிக்காது. இதே அமைப்புள்ள 'ஸ்பிரிட்' வண்டி, 2009-ல் பொலபொலவென்ற மணலில் புதைந்தது. அதன் ஒரு சக்கரம் 2006-லேயே பழுதாகியிருந்தது. மாதக்கணக்கில் முயன்றும் மீட்க முடியவில்லை. 2010-ல் அதன் சேதி நின்றது.

பாறையை வென்ற வண்டியை மணல் பிடித்துக்கொண்டது!