சுகாதாரச் சித்திரங்கள் கண்ணில் படும்படி செய்வது எப்படி?

சங்கக் கட்டடத்தின் சுவரில், வெயிலில் வெளுத்துப்போன சுகாதார விளம்பரம் ஒன்று தொங்குவதைப் பல கிராமங்களில் காணலாம். தாள் நிறையச் சிறிய எழுத்துக்கள். மூலையில் ஒரு மண்டையோடு. கடனுக்கு வருவோரும் உரத்துக்கு வருவோரும் அதன் கீழேயே நின்று பேசிச் செல்கின்றனர். அது கூறுவது யாதென அறிந்தவர் சிலரே. இக்குறை ஜனங்களுடையதன்று, விளம்பரத்தினுடையதேயாகும்.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. குழந்தைக்குப் பேதி கண்டால் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. அவற்றை உடனே ஈடு செய்தால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். 1971-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில், அச்சிகிச்சை பெற்றோரில் மாண்டவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவாயினர்.

1980 முதல் வங்காளதேசத்தில் பிராக் ஸ்தாபனத்தின் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று தாய்மார்களுக்குக் கற்பித்தனர். தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்துள்ளனர் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே ஊழியர்களுக்கு ஊதியம் அளிக்கப்பட்டது. விளம்பரத்தையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும்.

படமானால் எழுத்தறியாதவருக்கும் தானே விளங்கும் என்பது பொதுவான அபிப்பிராயம். 1976-இல் நேபாளக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சி அவ்வாறன்று என்று காட்டிற்று. வரிசையாக வரைந்த படங்கள் ஒரே விஷயத்தைத் தொடர்ந்து சொல்கின்றன என்று பலர் கொள்ளவில்லை. ஆகவே புதிய சித்திரம் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. ஒரு தாளில் ஒரு செய்தியே இருத்தல் வேண்டும். பேதிக்கும் கொசுவுக்கும் தனித்தனித் தாள்கள் தேவை.

2. அளவுகளை எண்ணும்படி வரைய வேண்டும். மருந்துப் பொட்டலம் கிடையாதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது கணக்கு. ஆறு கரண்டிகளையும் தனித்தனியே காட்டுக. உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு. எனவே அச்சிடுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம்.

3. அச்சுறுத்தும் உருவங்களைத் தவிர்க்க வேண்டும். மண்டையோட்டைக் கண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். தம் வீட்டைப் போன்ற வீட்டில் ஒரு தாய் குழந்தைக்கு நீர் புகட்டுவதைக் கண்டால் அருகே வருவர்.

4. எழுத்துக்கள் சிலவாகவும், பத்தடி தூரத்தில் தெரிவனவாகவும், பேச்சில் வழங்கும் சொற்களாகவும் இருக்க வேண்டும்.

5. ஜனங்கள் காத்து நிற்கும் இடத்தில், பெண்களின் கண்ணுக்கு நேராக ஒட்ட வேண்டும். சங்கம் நடத்தும் நியாயவிலைக் கடையில் தராசுக்கு அருகிலுள்ள சுவர் இதற்கு மிகவும் ஏற்றது.

சித்திரம் எழுதி முடிந்ததும், எழுத்தறியாத பத்துப் பேரிடம் அதைக் காட்டுதல் நலம். "விளங்குகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஆம்" என்றே சொல்வர். "இதில் என்ன தெரிகிறது? வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். கரண்டிக் கணக்கைப் பலர் தவறாகச் சொல்வாராயின் மாற்ற வேண்டியது படமே.

குழந்தையின் கண் குழிவிழுந்தாலும், நீர் குடிக்க இயலாவிடினும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதற்கு வேறொரு தாள் பக்கத்திலேயே இருப்பது நன்று.

இவற்றுக்கு ஆகும் செலவு காகிதமும் வர்ணமுமே. அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் தம் சங்கத்தின் சுவரை ஒருமுறை உற்று நோக்குவார்களாக. யாரும் படியாத தாளை அகற்றி, யாவருக்கும் விளங்கும் தாளை ஒட்டும் சங்கம், தன் ஊர்க் குழந்தைகளுக்குச் செய்யும் உபகாரம் பெரிதாகும்.