டைட்டில் தொலைந்த காருக்கு நம்பர் பிளேட் வரும் கதை!

அமெரிக்காவில் பழைய காரை ஆசையாக வாங்கிவிட்டு, “டைட்டில் எங்கே?” என்று கேட்டால், விற்றவர் தலையைச் சொறிவார். நம்மூர் ஆர்.சி. புக் பார்க்கும் வேலையை அங்கே இரண்டு காகிதங்கள் பார்க்கின்றன. வண்டி யாருடையது என்று சொல்வது டைட்டில். ரோட்டில் ஓட்ட அனுமதிப்பது ரெஜிஸ்ட்ரேஷன். பொதுவாக, முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைக்காது. அப்புறம் எப்படி, கொட்டகையில் தூசி தின்றுகொண்டிருந்த மஸ்டாங் கார்கள் நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு ஜம்மென்று கிளம்புகின்றன? திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அடேயப்பா!

பழைய கார்ப் பிரியர்கள் ரொம்ப காலம் ஜபித்த பெயர் வெர்மான்ட். 15 வருஷத்துக்கு மேல் பழசான வண்டிக்கு அந்தக் குட்டி மாநிலம் டைட்டிலே கேட்காது. அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட அப்போது இல்லை! விண்ணப்பம், விற்பனை ரசீது, வரிப்பணம் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினால் பச்சை நம்பர் பிளேட் வீடு தேடி வரும். அந்த ரெஜிஸ்ட்ரேஷனைக் காட்டிச் சொந்த மாநிலத்தில் டைட்டில் வாங்கிவிடுவார்கள். வெர்மான்ட் மண்ணையே மிதிக்காத கலிபோர்னியா கார், வெர்மான்ட் வண்டியாகிவிடும்! வெளி மாநிலத்தாருக்கு இந்தச் சுலப வழி 2023-இல் அடைபட்டது. திருட்டு வண்டிக்கும் அதே வாசல் உதவும் என்பதால், அடைத்தது சரிதான்.

மற்ற வழிகள் இன்னும் உண்டு. நியூயார்க்கில் 1972 வரையிலான மாடல்களுக்கு டைட்டிலே கிடையாது. ரெஜிஸ்ட்ரேஷன்தான் உரிமைச் சான்று. டெக்சாஸிலோ வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்குக்கு ஜாமீன் பத்திரம் கொடுத்து டைட்டில் வாங்கலாம். உண்மையான ஓனர் வந்து நின்றால் அவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ஆனால் எனக்குப் புல்லரிப்பது, வி.ஐ.என். என்னும் வண்டி அடையாள எண்ணைச் சோதிப்பதில்தான்! முன்கண்ணாடி வழியே டேஷ்போர்டின் இடது மூலையில் ஒரு சின்னத் தகடு தெரியும். 1981 மாடலிலிருந்து அதில் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள். ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடுமே! பத்தாவது இடம் மாடல் வருஷம். ஒன்பதாவதுதான் கில்லாடி. மற்ற பதினாறையும் வைத்துப் போட்ட கணக்கின் விடை அங்கே உட்கார்ந்திருக்கும். யாராவது கை வைத்திருந்தால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை, குட்டிப் பூ மாதிரி இதழ் இதழாக இருக்கும். அந்த இடத்தில் கடையில் வாங்கிய சாதா ரிவெட் இருந்தால், விவரம் தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அங்கே பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் அந்த 17 இடங்களையும் குறித்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் குற்றங்களைக் கவனிக்கும் என்.ஐ.சி.பி. அமைப்பின் ‘வின்செக்’ சேவையில் போட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் திருட்டு க்ளெய்ம் பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகவே சொல்லும். டைட்டில் விற்பவர் பெயரில்தான் இருந்தது, தொலைந்துபோனது என்றால், டூப்ளிகேட்டுக்கு அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதைவிடச் சுலபமான வழி கிடையாது.